பாவம்னு கோனைக் கழட்டுற புண்ணியவான்களுக்கு

நாய்க்கோ பூனைக்கோ ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, அதுக்கு முதல் எதிரி கிருமி இல்லீங்க. 'பாவம்' என்கிற வார்த்தைதான். கழுத்துல பிளாஸ்டிக் கோனோட அது கதவுல முட்டும், நாற்காலியில முட்டும், கடைசியில நடு ஹால்ல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். வீட்டுல யாராவது ஒருத்தர் அதைப் பார்த்து, "பாவம், ஒரு பத்து நிமிஷம் கழட்டி விடுங்களேன்"பாங்க. அந்தப் பத்து நிமிஷத்துக்கு எதிராத்தான் இந்தப் பதிவு. படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அப்படிக் கழட்டி விட்டவங்களா இருப்பீங்க. கோவிச்சுக்காதீங்க. கோவிச்சாலும் பரவாயில்லை, படிச்சு முடிச்சுட்டுக் கோவிங்க :-)

இதைச் சொல்ல நீ யாருய்யான்னு கேட்டா, நியாயமான கேள்வி. படிச்சது பி.காம். வேலை பேங்க்ல. கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து மாற்றல்ல மட்டாஞ்சேரிக்கு வந்தவன். இங்க தமிழர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஃபோர்ட் கொச்சி வெளி தோபிகானாவுல துணி வெளுக்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இங்கேயே இருக்கிறவங்க. அப்புறம் பலசரக்குக் கடைக்காரங்க, எங்களை மாதிரி மாற்றல் பறவைகள். எனக்கு மலையாளம் ஓரளவு வரும்கிற ஒரே தகுதியில, யார் வீட்டுப் பிராணிக்கு உடம்பு சரியில்லைன்னாலும் மிருகாசுபத்திரிக்குக் கூடப் போற ஆள் நானாயிட்டேன். "மேனேஜர் சாருக்கு ஃபோன் போடு, நாய்க்கு வாந்தி"ங்கிற அளவுக்கு. தங்கமணிக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான். கடன் கேட்டு வர்றவங்களைவிட நாய் கேஸ் அதிகமாயிடுச்சாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பொட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன்னா வயித்தைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கிறாங்க. அப்புறம் தசைச் சுவருக்கு ஒரு தையல், நடுவுல ஒரு அடுக்கு, மேல தோலுக்கு ஒண்ணு. வெளித் தையல் பிரிக்கிற வகைன்னா பத்துல இருந்து பதினாலு நாள் கழிச்சு எடுப்பாங்க. வேலை அவ்வளவுதான். நல்ல டாக்டர் கையில சாதாரண ஆபரேஷன். ஆனா டாக்டர் ஒரு மணி நேரத்துல முடிச்சதை நாம பதினாலு நாள் காப்பாத்தணும். அங்கதான் சிக்கல்.

முதல் ரெண்டு நாள் மயக்கத்துலயும் வலி மருந்துலயும் அது சும்மா கிடக்கும். மூணாம் நாள், நாலாம் நாள் சுறுசுறுப்பாயிடும். புண் ஆற ஆரம்பிச்சா அரிக்கும். மழிச்ச இடத்துல முடி முளைச்சா குத்தும். சரியா அந்த நேரத்துலதான் நமக்கும் "இப்ப நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். நல்லாத் தெரியறது நாய். புண் இல்லை. மேல் தோல் ஒட்டின மாதிரி இருந்தாலும் உள்ள இருக்கிற தசைக்குப் பழைய பலம் வர வாரக்கணக்கு ஆகும். முன்பல்லால ரெண்டு முடிச்சைக் கவ்வி இழுக்க நாய்க்குப் பத்து நிமிஷமெல்லாம் தேவையே இல்லை. நீங்க அடுப்புல பாலை இறக்கி வெச்சுட்டு வர்ற நேரம் போதும். வெளித் தையல் விட்டா புண்ணு. உள்தையலும் சேர்ந்து விட்டுச்சுன்னா குடல் வெளிய வந்துடும். பயமுறுத்தச் சொல்லலை. பார்த்திருக்கேன், கீழ சொல்றேன்.

"நக்கினா ஆறிடும்யா, நாய் எச்சில்ல மருந்து இருக்கு." இது நம்ம ஆளுங்களோட பிரம்மாஸ்திரம். நம்ம ஊர்ல மட்டும் இல்லை, பழைய கிரேக்கத்துல கூட வைத்தியக் கடவுள் கோயில்ல நாயை விட்டு மனுஷன் புண்ணை நக்க வெச்சிருக்காங்க. இதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, அதையும் ஒத்துக்கணும். 1990ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல ஹார்ட், பவல்னு ரெண்டு பேர் நாய் எச்சிலை எடுத்துக் கிருமிகள் மேல சோதிச்சாங்க. ஈ.கோலை செத்துச்சு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் செத்துச்சு. ஆனா ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக்கு லேசாத்தான் பலிச்சுது. நாய்த் தோல் புண்ணுல சீழ் பிடிக்க வைக்கிறதுல முக்கியமான ஆளே அந்த ஸ்டாஃபிலோகாக்கஸ்தான். வீட்டுக்கு வர்ற திருடனை விட்டுட்டு மத்த எல்லாரையும் பார்த்துக் குலைக்கிற நாய் மாதிரி ஆச்சு எச்சில் வைத்தியம்! அதோட எச்சில் தனியா வர்றதில்லை. வாய்ல இருக்கிற மத்த கிருமியும் சேர்ந்து வரும், கரகரப்பான நாக்கும் சேர்ந்து வரும். பூனை நாக்கை உள்ளங்கையில தேய்க்க விட்டுப் பாருங்க, உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதைத் தையல் மேல நாளுக்கு நூறு தடவை தேய்ச்சா என்ன ஆகும்?

நமக்கெல்லாம் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும். அரிப்பு உயிர் போகும். வீட்டுல சொறிய விட்டாங்களா? வேப்பிலைக் கொத்தால வருடி விட்டாங்க, நகத்தை வெட்டினாங்க, ராத்திரி பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "பாவம் பிள்ளை, பத்து நிமிஷம் சொறிஞ்சுக்கட்டும்"னு எந்த ஆச்சியும் சொல்லலை. ஊர்ல கன்னுக்குட்டி வாய்ல கூடு கட்டி வளர்த்த அதே ஆச்சிதான் இன்னைக்கு வீடியோ கால்ல நாய் கழுத்துல கோனைப் பார்த்ததும், "ஏலே, இது என்ன கொடுமை, கழட்டி விடுல"ங்குது. ஆச்சி மேல கோவம் இல்லை. ஆச்சி ஃபோனை வெச்சதும் கழட்டப் போறீங்க பாருங்க, உங்க மேலதான்.

அடுத்த வாதம் இதைவிடப் பலமானது, அதனால கொஞ்சம் நின்னு பதில் சொல்றேன். "தெரு நாய்க்கெல்லாம் கருத்தடை பண்ணி விடுறாங்களே, அதுங்க எல்லாம் கோனோடவா அலையுது?"

நல்ல கேள்வி. சென்னையில ப்ளூ கிராஸ் 1964லயே இந்தக் கருத்தடை வேலையை ஆரம்பிச்சது. மாநகராட்சி 1996ல கைகோத்தது. மத்திய அரசு 2001ல நாடு முழுக்க விதி கொண்டு வந்து, 2023ல புது விதி போட்டது. இந்த வேலைக்கு ஒரு தனி முறை இருக்கு. முடிஞ்ச வரைக்கும் சின்னக் கீறல். உடம்பிலேயே கரையுற நூல், முடிச்சு தோலுக்கு அடியில. வெளிய இழுக்க ஒண்ணும் இருக்காது. ஆபரேஷன் முடிஞ்சதும் அப்படியே தெருவுல விடறதும் இல்லை. குறைஞ்சது நாலு நாள் கூண்டுல வெச்சுப் பார்த்து, புண் சரியா இருந்தாத்தான் பிடிச்ச இடத்துலயே கொண்டு போய் விடணும். கேரளத்துல இந்த வேலையைக் குடும்பஸ்ரீ குழுக்கள் செஞ்சிட்டு இருந்தாங்க. விலங்குகள் நல வாரிய அங்கீகாரம் இல்லைன்னு 2021 கடைசியில ஹைகோர்ட் அதை நிறுத்தச் சொல்லிச்சு. அதனால தெரு நாய் எண்ணிக்கை கூடிச்சா, அந்த உத்தரவு சரியா தப்பான்னு இங்க டீக்கடைக்கு டீக்கடை பட்டிமன்றம். அதுக்குள்ள நான் போகலை. எனக்கு உறைக்கிறது வேற. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தெரு நாய்க்கு நாலு நாள் காவல் வேணும்னு சட்டம் சொல்லுது, அதை யார் செய்யலாம்னு கோர்ட் விசாரிக்குது. உங்க வீட்டு நாய்க்கு, பேர் வெச்சு பர்த்டே கேக் வெட்டின நாய்க்கு, கோன் நாலு மணி நேரம் கூட நிக்கலை.

அப்புறம், ஆபரேஷனுக்கு அப்புறம் தெருவுல காணாமப் போன நாயை யாரு எண்ணினது? "ஊர்ல எல்லாம் அப்படியே விட்டாத்தான் ஆறும்"னு சொல்ற அண்ணாச்சிமார்களுக்கும் அதே கேள்விதான். ஆறின நாய் திரும்பி வந்து திண்ணையில படுத்துச்சு. ஆறாத நாய் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துச்சு. வரவுல மட்டும் எழுதி, செலவுல எழுதாத கணக்கை நான் டாலின்னு ஒத்துக்க மாட்டேன்.

இனி இந்த ஊருக்குன்னே இருக்கிற ஒரு விஷயம். கேரளத்துல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இதை மட்டுமாவது படிங்க.

நமக்கு மலையாளம் புரியும்னு நமக்கு ஒரு நினைப்பு. சினிமா பார்க்கிறோம், காய்கறி வாங்குறோம், "அதே, அதே"ன்னு தலையாட்டுறோம். சாயங்காலம் மிருகாசுபத்திரியில கூட்டம். டாக்டர் மடமடன்னு நாலு வாக்கியம் சொல்லிட்டு அடுத்த ஆட்டுக்குப் போயிடுவார். அந்த நாலு வாக்கியத்துலதான் நம்ம பிராணியோட உயிர் இருக்கு, அதுல பாதி நமக்குத் தப்பாப் புரியும். ஏன்னா ரெண்டு மொழியிலயும் ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைதான் ஆபத்து. தெரியாத வார்த்தைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். தெரிஞ்ச மாதிரி இருக்கிற வார்த்தைக்கு யார் அர்த்தம் கேட்பா?

டாக்டர் "முறிவு நனைக்கருது"ம்பார். நம்ம காதுல முறிவுன்னா எலும்பு முறிவு. "நம்ம நாய்க்கு எலும்பு ஒண்ணும் முறியலையே, வேற யாருக்கோ சொல்றார் போல"ன்னு விட்டுடுவோம். மலையாளத்துல முறிவுன்னா புண், காயம். புண்ணை நனைக்காதேன்னு சொல்றார். குளிப்பாட்டக் கூடாது, அவ்வளவுதான். "நீரு உண்டெங்கில் கொண்டு வரணும்"னா தண்ணி வடிஞ்சா வான்னு நாம நினைக்கிறோம். அங்க நீருன்னா வீக்கம். வடியாமலே வீங்கினாலும் கொண்டு போகணும். "பழுப்பு" நமக்கு ஒரு கலர். அவங்களுக்கு சீழ். "பத்து திவசம் கழிஞ்ஞு வா"ன்னா பத்து நாள் கழிச்சு வான்னு அர்த்தம். ஒரு மாமி முகம் செத்துப் போயி என்னைப் பார்த்து, "ஆபரேஷன் நல்லாத்தானே முடிஞ்சுது, இப்பவே ஏன் திவசம் பத்தி பேசறார்?"னு கேட்டாங்க. சிரிச்சு முடிக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

இதுல உச்சம் இதுதான்: "கோளர் ஊரருது." ஊரருதுன்னா கழட்டக் கூடாது. தமிழ்க் காதுல அது 'ஊறக் கூடாது'ன்னு விழும். "பிளாஸ்டிக் தண்ணியில ஊறக் கூடாதாம்"னு புரிஞ்சுக்கிட்டு, பத்திரமாக் கழட்டித் துடைச்சு, அலமாரியில வெச்ச குடும்பம் ஒண்ணு இருக்கு. டாக்டர் சொன்னதை அப்படியே கேட்ட நல்ல பிள்ளைகள்! அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா புரியலைன்னு கேக்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டுறோம் பாருங்க, அதைக் குத்தம் சொல்லுவேன். லோன் பத்திரத்துல கையெழுத்துப் போடுறப்பவும் இதே தலையாட்டல்தான், அதை இன்னொரு நாள் பேசுவோம். கவுண்டரை விட்டு நகராதீங்க. தையல் தானா கரையுமா, வந்து பிரிக்கணுமா? கோனை எந்தத் தேதியில எடுக்கலாம்? எந்த மருந்து சாப்பாட்டுக்கு முன்னால, எது பின்னால? ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா எங்க போறது? சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க. தமிழ்ல கேட்டாலே பெரும்பாலான டாக்டர்களுக்குப் புரியும். நாமதான் வராத மலையாளத்துல கேட்டு ரெண்டு பேரையும் குழப்புறோம்.

எதிர்க்கட்சிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தாகணும். கோன் பிராணிக்குக் கஷ்டம்தான். 2020ல சிட்னி பல்கலைக்கழக ஆட்கள் நாய், பூனை வளர்க்கிற 434 பேரைக் கேட்டாங்க. நூத்துக்கு 77 பேர், கோன் போட்டிருந்தப்ப எங்க பிராணியோட வாழ்க்கை மோசமாச்சுன்னு சொன்னாங்க. தண்ணி குடிக்கச் சிரமம், விளையாட முடியலை, எதிலாவது முட்டிக் காயம். இதை நான் மறைக்கலை. ஆனா அதுல இருந்து "அப்ப கழட்டி விடு"ங்கிற முடிவுக்கு எப்படிப் போறீங்க? செருப்பு கடிச்சா வேற செருப்பு வாங்குவோமா, வெறுங்காலோட கண்ணாடித் துண்டு மேல நடப்போமா?

முதல்ல, பாதி வீட்டுல கோன் சைஸே சரியில்லை. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஒரு இன்ச்சாவது நீளணும். இல்லைன்னா கோனும் போட்டு நக்கவும் செய்யும், ரெண்டு கெட்டதும் சேர்ந்து. கழுத்துப் பக்கம் உங்க ரெண்டு விரல் நுழையணும். அதுக்கு மேல லூஸா இருந்தா முன்னங்காலால தள்ளிடும். விளிம்பு வெட்டுற மாதிரி இருந்தா துணிப் பிளாஸ்டர் ஒட்டுங்க. சாப்பாட்டுத் தட்டைக் கோனுக்குள்ள அடங்குற சின்னக் கிண்ணமா மாத்தி, ஒரு மணைக்கட்டை மேல வைங்க. அதுவும் முரண்டு பிடிச்சா, சாப்பிடுற நேரம் மட்டும் கழட்டலாமான்னு டாக்டரைக் கேளுங்க. சரின்னா, தட்டு பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கணும். கையில ஃபோன் இல்லாம. எழுந்திருக்கிறதுக்கு முன்னால கோன் கழுத்துல. ஒரு காலத்துல நம்ம டாக்டர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வளைச்சு ஒட்டிக் கோன் பண்ணிக் கொடுத்தாங்க. கடையில சைஸ் கிடைக்கலைங்கிற சாக்கு அப்பவே செல்லலை.

கழுத்துல மாட்டுறதே ஆகாதுன்னா வயித்துப் புண்ணுக்குச் சட்டை இருக்கு. கடையில விக்கிற ஆபரேஷன் சட்டை வாங்க முடிஞ்சா வாங்குங்க. இல்லைன்னா பையனோட பழைய பருத்தி டீஷர்ட். முன்னங்கால் ரெண்டையும் கை ஓட்டையில விட்டு, வயித்தை மூடி, இடுப்புக்கு மேல முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டா ஆச்சு. வெளிய கூட்டிட்டுப் போறப்ப முடிச்சை அவிழ்த்துத் தூக்கிக் கட்டணும், இல்லைன்னா மூத்திரத்துல நனையும். பூனைக்குப் பழைய லெக்கிங்ஸ் கால் ஒண்ணை வெட்டி நாலு ஓட்டை போட்டாப் போதும். எங்க வீட்டு மல்லிக்கு (பஜார் ரோடு கோடவுன் வாசல்ல கிடைச்சவ, பெரிய ராணின்னு நினைப்பு) தங்கமணி அப்படித்தான் தைச்சாங்க. போட்டதும் பக்கவாதம் வந்த மாதிரி ஒரு மணி நேரம் சாஞ்சு கிடந்தா. நடிப்பு. அப்புறம் அதே சட்டையோட ஃப்ரிட்ஜ் மேல ஏறப் பார்த்தா. குதிக்கவும் விடக் கூடாது, அதனால பத்து நாள் சின்ன ரூமுல அடைச்சு வெச்சோம். ஆனா கவனிங்க, சட்டை எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. கால் புண்ணு, வால் பக்கத்துப் புண்ணு, துணியைக் கடிச்சுத் தின்கிற நாய், இதுக்கெல்லாம் கோன்தான். காத்தடிச்ச டியூப் மாதிரி ஒண்ணு விக்கிறாங்க. நீளக் கழுத்து நாய் அதைத் தாண்டி வளைஞ்சு வயித்தை நக்கிடும். காசு தண்டம்.

கால்ல கட்டு போட்டிருந்தா, வெளிய போறப்ப பாலிதீன் கவர் மாட்டி, உள்ள வந்ததும் எடுத்துடணும். விட்டா உள்ள வேர்த்துப் புழுங்கும். விரல் வீங்கி ஜில்லுன்னு இருந்தா கட்டு இறுக்கம்னு அர்த்தம். அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும்.

கொச்சி ஈரத்தைப் பத்தியும் சொல்லணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க துவைச்ச பனியனே மூணு நாள் காயாது. நாய்ச் சட்டை மட்டும் எப்படிக் காயும்? மூணு சட்டையாவது வேணும், நனைஞ்சா உடனே மாத்தணும். ஈ உக்காந்தா புழு வைக்கும், அதைச் சாதாரணமா நினைக்காதீங்க. சொறிப்புழு மாதிரி இல்லை, உயிருள்ள சதையைத் தின்னு உள்ள போற வகை இருக்கு. கடல் ஏத்தத்துல நம்ம சந்துல தண்ணி நிக்கிற நாள்ல நாயை அதுல இறக்கவே கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணி, கிழிஞ்ச தோல் வழியா எலிக்காய்ச்சல் கிருமி உள்ள போகும். இங்க அதுக்கு எலிப்பனின்னு பேர், மனுஷங்களையே வருஷா வருஷம் கொண்டு போற வியாதி.

மருந்து விஷயத்துல நான் ரொம்பப் பேசப் போறதில்லை. மஞ்சளைத் தேங்காயெண்ணெய்ல குழைச்சுத் தடவாதீங்க. எண்ணெய் தையலை ஊற வைக்கும், வாசனை நக்கக் கூப்பிடும். டெட்டால் வேண்டாம், பூனைக்கு அது விஷம். ஃபினாயில் ஊத்துறவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட என்ன சொல்ல. வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்கவே திறக்காதீங்க. ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். அதோட ஈரலுக்கு அதை முறிக்கிற சக்தி கிடையாது. ஐப்யூப்ரூஃபென் நாய்க்கு வயித்தை ஓட்டையாக்கும், கிட்னியைக் கெடுக்கும். டாக்டர் கொடுத்ததை டாக்டர் சொன்ன அளவுல, அவ்வளவுதான்.

இப்ப மேல சொல்றேன்னு சொன்ன கதை. எங்களுக்குப் பழக்கமான ஒரு தமிழ்க் குடும்பம், பக்கத்துத் தெரு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஊரை விட்டு வந்து, ஸ்கூல்ல சரியா ஒட்டாம, அந்தப் பிள்ளை பேசறதே நாய்கிட்டதான். சீனின்னு பேரு. கருத்தடை நல்லபடியா முடிஞ்சு, நாலு நாள் கோனோட ஒழுங்கா இருந்துச்சு. அஞ்சாம் நாள் ஊர்ல இருந்து பெரியம்மா வந்தாங்க. பாசமான மனுஷி. மத்தியானம் வீட்டுல அவங்களும் சீனியும் மட்டும். "பச்சைப் புள்ள மாதிரி முழிச்சுது, தாங்கலை"ன்னு கழட்டிச் சோறு போட்டுட்டு, அப்படியே கண் அசந்துட்டாங்க.

நாலு மணிக்குப் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து கதவைத் திறந்திருக்கா. தரையில என்ன பார்த்தான்னு நான் எழுத மாட்டேன். எனக்கு ஃபோன் பண்ணினது அவதான். "அங்கிள், சீனி வயித்துக்குள்ள இருக்கிறது வெளிய இருக்கு." சுத்தமான துண்டை நனைச்சு மூடி, பிழியாம, உள்ள தள்ளாம, கோனைத் திரும்ப மாட்டித் தூக்கிட்டு வான்னு சொல்லிட்டு, கேஷ் க்ளோஸ் பண்றதை அசிஸ்டென்ட்கிட்ட ஒப்படைச்சுட்டு ஓடினேன். ரெண்டாவது ஆபரேஷன் ராத்திரி பத்து மணி வரைக்கும். முதலாவதைவிட ரெண்டு மடங்குக்கு மேல பில். சீனி பிழைச்சுது. பெரியம்மா இன்னும் அந்த வீட்டுக்கு வரலை. வரச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. "அந்தப் பிள்ளை மூஞ்சியில எப்படி முழிப்பேன்"கிறாங்களாம்.

ஒரு விரல் நுனி சறுக்கின மாதிரி, அவ்வளவு சின்ன காரியம். கெட்ட எண்ணம் துளி கூட இல்லை. அதனாலதான் எனக்கு இந்தப் 'பாவம்' மேல இவ்வளவு கோவம். அடிக்கிறவனை ஊரே திட்டும். பாவம் பார்க்கிறவங்களை யாரும் திட்டுறதில்லை. நகைக்கடன் பாக்கெட்டை சீல் வெச்சு உள்ள வெச்சா, "பாவம், மூச்சு முட்டும்"னு நடுவுல யாராவது பிரிச்சுப் பார்க்கிறோமா?

அதனால ஆபரேஷனுக்குத் தேதி வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டுல கணக்கைப் போடுங்க. முதல் ரெண்டு நாள் யார் லீவு? அந்தப் பதினாலு நாள்ல விருந்தாளி யாராவது வர்றாங்களா? வந்தா, வாசல்லயே சொல்லிடுங்க. கசப்பா இருந்தாலும் சொல்லுங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை புண்ணைப் பார்த்து ஃபோன்ல படம் எடுங்க. ஓபனிங் பேலன்ஸ், குளோசிங் பேலன்ஸ் மாதிரி. நேத்தைய படத்தோட ஒப்பிட்டா வீக்கம், சிவப்பு, கசிவு, இடைவெளி எல்லாம் தெரிஞ்சுடும். நாத்தம் அடிச்சா, சாப்பாடு வேண்டாம்னா, தையல் ஒண்ணே ஒண்ணு விட்டாலும் டாக்டர்கிட்ட போங்க, "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். பெட்டுக்கு மேல ஏத்தாதீங்க, மாடிப்படி வேண்டாம், வெளிய போனா சங்கிலியோட.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்க வீட்டுப் பரண்ல மூணு சைஸ்ல கோன் கிடக்கு, நாலாவதா ஒரு பெரியது அல்சேஷனுக்கு. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, தோப்பும்படி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் யாருக்கு வேணும்னாலும் வந்து வாங்கிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காய வெச்சுத் திருப்பித் தரணும். டெபாசிட் கிடையாது, வட்டி கிடையாது. தவணை பதினாலு நாள். ப்ரீ-குளோஷர் அனுமதி இல்லை.